அகத்தியர்மலை நடையை முடிப்பது: மூன்றாம் நாளுக்கான ஆயத்தம்

குமரி மாவட்டத்திலிருந்து அகத்தியர்மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி, உச்சிவரை ஏற முடியுமா என்பதுதான். மூன்று நாள் நடையில் உச்சி என்பது இரண்டாம் நாள் முற்பகலிலேயே முடிந்துவிடும் காரியம். அதன் பிறகு இரவு தங்கும் அதிருமலை முகாம்வரை ஓர் இறக்கமும், மறுநாள் நடை தொடங்கிய போனக்காடுவரை இன்னோர் இறக்கமும், அங்கிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக ஊர் வந்து சேரும் நீண்ட பயணமும் மிச்சமிருக்கின்றன. நகம் கறுப்பதும் முட்டு வீங்குவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் அந்த மிச்சப் பகுதியில்தான். ஆகவே, மூன்றாம் நாள் பிற்பகல் போனக்காட்டில் நல்ல கால்களோடு நிற்பது எப்படி என்பதை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, மற்ற ஆயத்தங்களை இந்தக் கட்டுரை சொல்கிறது.

போகும் இடமும் அனுமதியும்

1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. தாமிரபரணியும் நெய்யாறும் கரமனையாறும் இந்த மலைத்தொகுதியில் பிறப்பவை. 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்ந்தது. மலையின் கிழக்குச் சரிவு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், பொதுமக்கள் நடந்து போகும் பாதை மேற்கே போனக்காட்டிலிருந்து கேரள வனத்துறையின் மேற்பார்வையில் தொடங்குகிறது.

ஆண்டுதோறும் சனவரி நடுவில் தொடங்கி ஏறத்தாழ பிப்ரவரி இறுதிவரை நடைக்காலம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. முன்பதிவு இணையவழியில் நடக்கிறது. பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துபோவது வழக்கம். கட்டணமும் மருத்துவச் சான்றிதழின் விவரமும் வயது வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், தெரிந்தவர் போன வருடம் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். 2018 இறுதியில் வந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களுக்கும் இந்தப் பாதை திறந்தது. 2019 சனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சி ஏறினார். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். மதுவும் பிளாஸ்டிக்கும் கூடாது. வனத்துறை அலுவலகத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

போய்த் திரும்பும் மொத்தத் தொலைவு 40 கிலோமீட்டருக்குக் குறையாது. முதல் நாள் போனக்காட்டிலிருந்து கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு எனச் சிற்றாறுகளைக் கடந்து, வெயில் காயும் புல்மேட்டைத் தாண்டி, ஏழுமடக்குத் தேரி, முட்டிடிச்சான் தேரி என்ற மேடுகளில் ஏறி அதிருமலை முகாமை அடைகிறோம். இரண்டாம் நாள் பொங்காலப்பாறை வழியாக உச்சி ஏறி, மீண்டும் அதிருமலைக்கே வந்து தங்குகிறோம். மூன்றாம் நாள் வந்த வழியே போனக்காடு.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

புதிதாகப் போகிறவர்கள் ஒரு மாதம் காலையில் நடந்துவிட்டு, அதுவே போதுமென்று நினைக்கிறார்கள். நாகர்கோவில் வீதிகளிலோ கடற்கரைச் சாலையிலோ சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும், இறக்கத்துக்கு வேண்டிய பழக்கம் வராது. மேடேறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டாவது வேலையில்தான் தசை நார்கள் அதிகம் சிதைகின்றன. அந்தச் சிதைவின் வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாள்வரை உச்சத்தில் இருக்கும். இதை அகத்தியர்கூடத்தின் நாட்கணக்கோடு பொருத்திப் பாருங்கள்: இரண்டாம் நாள் உச்சியிலிருந்து இறங்கியதன் வலி, மூன்றாம் நாள் காலை, மிக நீண்ட இறக்கம் தொடங்கும் நேரத்தில் வந்து நிற்கும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இறக்கத்துக்கு ஒரு முறை ஆளான தசை, அடுத்த முறை அதே வேலையில் மிகக் குறைவாகவே சிதைகிறது. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். எனவே பயணத்துக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பிருந்தே வாரம் ஒருமுறையாவது இறக்கத்தைப் பழகுங்கள். நம் மாவட்டத்தில் இதற்கு மருந்துவாழ்மலையைவிட வாய்ப்பான இடம் இல்லை. படிக்கட்டும் பாறையும் கலந்த அந்தப் பாதையில் விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். ஏறும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பவர்களைத்தான் அங்கே அதிகம் காண்கிறோம். நீங்கள் இறங்குவதைக் கவனியுங்கள்: குதிக்காமல், சிறு சிறு அடியாக, முட்டு சற்று மடங்கிய நிலையில், பயணத்தில் தூக்கப்போகும் அதே பையோடு இறங்குங்கள். சிதறால் மலைப்பாதை அழகானதுதான், ஆனால் அதன் சரிவு இந்தப் பயிற்சிக்குப் போதாது. மலைக்குப் போக முடியாத வாரங்களில், மாடிப்படிகளில் ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதை அரை மணி நேரம் செய்தால் பயன் உண்டு. கடைசிக் கடும் பயிற்சிக்கும் பயணத்துக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருக்கட்டும்.

பயிற்சி என்று சொல்லிக்கொண்டு கீரிப்பாறைக்கும் பேச்சிப்பாறைக்கும் மேலே உள்ள காட்டுக்குள் அனுமதியின்றிப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாகியிருக்கின்றன. 2024-இல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நம் மாவட்டத்துப் பாதைகளும் இருக்கின்றன. வழிகாட்டியோடு போகும் அந்த ஒருநாள் நடைகளை முன்னோட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

சிவாலய ஓட்டம் ஓடியவர்களுக்கு ஒரு சொல். திருமலையிலிருந்து திருநட்டாலம்வரை பன்னிரண்டு கோயில்களையும் 80 கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் ஓடியும் முடித்தவர், அகத்தியர்கூடத்தை எளிதாக எண்ணுவதில் வியப்பில்லை. அவர்களின் மூச்சும் மனத்திடமும் பெரிய முதல்தான். ஆனால் அது பெரும்பாலும் சாலை, பை இல்லை, வழியெங்கும் மோரும் கஞ்சியும் கிடைக்கும், இரவு முடிந்தால் வீடு. வலிக்கும் தொடையோடு மறுநாளும் நடந்தாக வேண்டும் என்ற நிலை அதில் இல்லை. எனவே அவர்களும் இறக்கப் பயிற்சி எடுப்பது நல்லது.

பையும் காலும்

பையின் எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால், இறக்கத்தில் முட்டு உங்களை வாழ்த்தும். முகாமில் கூரையும் உணவகமும் இருப்பதால் சமையல் சாமான் எதுவும் வேண்டாம். மாற்றுடை ஒரு செட், இரவுக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், மெல்லிய மழைக்கோட்டு, நெற்றியில் மாட்டும் டார்ச், எவர்சில்வர் தண்ணீர்க் குப்பி, மூன்று ஜோடி காலுறை, பிளாஸ்டர் சுருள், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவை போதும். தீனிக்கு நம் ஊர்ப் பண்டங்களே பொருத்தமானவை. முந்திரிக்கொத்து கெடாது, நசுங்காது, கனத்துக்கு ஏற்ற வலு தரும். அவலும் கருப்பட்டியும் சேர்த்துப் பிசைந்தது ஒரு துணிப்பையில் இருக்கட்டும். ஏத்தங்காய் சிப்ஸில் உப்பு இருப்பதால் வியர்வைக்கு நல்லது. மட்டிப்பழம் முதல் நாள் காலைக்கு மட்டும். அதன்பின் அது கூழாகிவிடும்.

காலணி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய ஷூவை முதன்முதலாகப் போனக்காட்டில் மாட்டாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் பழகியதாக இருக்க வேண்டும். வாங்கும்போது மாலை நேரத்தில், கால் சற்று வீங்கிய நிலையில், சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரிந்து நகம் ஷூவின் முனையில் இடிப்பதால்தான் நகம் கறுத்து விழுகிறது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன் கால்விரல் நகங்களை நேராக, சதையை ஒட்டாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாளும் சேமிப்பு

முதல் நாள் எல்லோரிடமும் வேகம் இருக்கும். போனக்காட்டின் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து காட்டுக்குள் நுழையும்போது, பக்கத்தில் வருபவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம். முட்டிடிச்சான் தேரியில் அந்த வேகம் ஏறக்குறைய நின்றுவிடும்; நிற்கட்டும். வழிகாட்டியாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தாம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஆற்றில் எப்போது இறங்கலாம் என்பதிலெல்லாம் அவர்கள் பேச்சே முடிவு. யானையும் கரடியும் காட்டுமாடும் நடமாடும் காடு என்பதால், கூட்டத்தை விட்டு முன்னால் ஓடுவதும் பின்னால் தேங்குவதும் ஒரே அளவு ஆபத்தானவை.

பாதத்தில் எங்காவது உரசிச் சூடாவது போலத் தெரிந்தால், அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. உடனே நின்று, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்டரைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆறு கடக்கையில் நனைந்த சாக்ஸோடு நடையைத் தொடர்வதுதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். அக்கரையில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளும் ஐந்து நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். கடித்த அட்டையைச் சுடவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். வாய்ப்பகுதியை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும், குமட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பயன்படுத்தலாம். ஓடைநீர் தெளிவாகத்தான் இருக்கும். இருந்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது, ஏனென்றால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கோடு ஏழுமடக்குத் தேரி இறங்குவது யாருக்கும் நேரக்கூடாத ஒன்று.

உச்சியிலிருந்து இறங்குவது

உச்சியில் அகத்தியர் சிலை முன் வணங்கிவிட்டு, படமெடுத்துவிட்டு, மேகம் விலகுமா என்று காத்திருப்பவர்கள் உண்டு. காற்று பலமாக இருக்கும், வியர்த்த உடம்பு சட்டெனக் குளிரும். உடனே மேல்சட்டை போட்டுக்கொண்டு, எதையாவது சாப்பிட்டுவிட்டு, வழிகாட்டி சொன்ன நேரத்தில் புறப்படுங்கள். இறங்கும் நேரத்தில் பனிமூட்டம் சூழ்ந்தால் பாறை ஈரமாகி, வேலை இரட்டிப்பாகும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கயிறு கட்டிய பாறைச் சரிவுகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏறும்போது முன்னால் தெரிந்த பிடிமானம் இறங்கும்போது தெரியாது. முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, பின்னோக்கி இறங்குங்கள். உடலைப் பாறையோடு ஒட்டிக்கொள்ளாமல் சற்று விலக்கி, பாதம் முழுவதும் பாறையில் பதியும்படி நின்றால் வழுக்காது. பயத்தில் பாறையைக் கட்டிக்கொள்பவருக்குத்தான் கால் வழுக்குகிறது. பாரம் காலில் இருக்கட்டும். கயிறு நிதானத்துக்கு மட்டும். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர், கீழே உள்ளவர் விலகி நின்று குரல் கொடுத்த பிறகே அடுத்தவர். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் ஒருவர் பின் ஒருவராகவே போங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

பாறை முடிந்து காட்டுப்பாதை வந்ததும் பலர் ஓடத் தொடங்குவார்கள். கவனம் தளர்ந்து, வேர் தடுக்கிக் கணுக்கால் பிசகுவது இங்கேதான் அதிகம்.

அதிருமலையில் இரண்டாம் இரவு

இந்த இரவைச் சரியாகக் கழிப்பவருக்கு மூன்றாம் நாளில் பாதி முடிந்தது போலத்தான். முகாமுக்கு வந்ததும் படுத்துவிடாமல் முதலில் காலைக் கழுவித் துடைத்துக் காற்றாட விடுங்கள். விரல் இடுக்கு, குதிகால், நக ஓரம் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி அழுத்துகிற கொப்புளத்தை, தீயில் காட்டி ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கஞ்சியும் பயறும் கிடைத்தால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுங்கள். உப்பும் மாவும் புரதமும் நீரும் அதில் ஒருசேர இருக்கின்றன. வலி மாத்திரையைத் தண்ணீர் குறைந்த வெறும் வயிற்றில் போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. தேவைப்பட்டால் சாப்பிட்டு, நீர் குடித்தபின் போடுங்கள். ஈரச் சாக்ஸைக் கொடியில் போட்டுவிட்டு, மூன்றாவது ஜோடியைக் காலைக்கென்று உலர்வாக எடுத்து வையுங்கள்.

மூன்றாம் நாள்

விடிந்ததும் சாப்பிட்டுவிட்டு, அனுமதிக்கும் முதல் நேரத்திலேயே புறப்படுங்கள். புல்மேட்டை வெயில் ஏறுமுன் கடப்பது ஒரு காரணம். போனக்காட்டுக்குப் பகல் வெளிச்சத்தில் வந்து சேர்வது இன்னொரு காரணம். சனவரியில் இப்பகுதியில் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அடர்ந்த காட்டுக்குள் அதற்கு வெகு முன்பே மங்கிவிடும், யானைகள் நடமாடும் நேரமும் அதுதான்.

முதல் அரை மணி நேரம் தொடை ஒத்துழைக்காது. உடல் சூடாகும்வரை மிக மெதுவாக நடந்தால் அந்த வலி பாதியாகக் குறையும். ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கியும் விரல் பக்கம் சற்றுத் தளர்த்தியும் கட்டுங்கள். குதிகால் பின்னால் பிடித்துக்கொண்டால் நகம் முன்னால் இடிக்காது. கையில் ஒரு கம்பு கட்டாயம். இறக்கத்தில் கம்பை முதலில் கீழே ஊன்றி, பிறகு கால் வைக்க வேண்டும். கால் வைத்த பின் கம்பு ஊன்றுவதில் பயனில்லை. மடக்குப் பாதையில் குறுக்கே இறங்காதீர்கள். அது மண்ணையும் அரிக்கும், முட்டுக்கும் கேடு.

மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஒரு வாய் சாப்பிடுங்கள். பசிக்கவில்லை என்பது காரணமாகாது. களைப்பு மிகுந்தவர் பேச்சைக் குறைத்து, தடுக்கி விழத் தொடங்குவார். தன் நிலை அவருக்குத் தெரியாது, கூட வருபவர்தான் கவனிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அவரது பையைப் பகிர்ந்து எடுத்துக்கொண்டு, அவரை வழிகாட்டிக்கு அடுத்து நடக்கவிட்டு, அவர் வேகத்துக்கு மற்றவர்கள் வர வேண்டும். முட்டு திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ காலை ஊன்றவே முடியாவிட்டாலோ வீரம் காட்டாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் உதவி வரும்.

கரமனையாறு கடந்த பிறகு பாதை இலகுவாகும். முடிந்துவிட்டது என்ற நினைப்பு வரும் இடம் அது. தண்ணீர் குடிப்பதும் கால் பார்த்து வைப்பதும் வனத்துறை அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வெளியேறும்வரை தொடரட்டும்.

ஊர் திரும்பலும் அதற்குப் பின்னும்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்திலிருந்து இளைஞர்கள் பலர் பைக்கில் வந்து, அன்று மாலையே பைக்கில் திரும்புகிறார்கள். மூன்று நாள் நடந்த காலுக்குத் திடீரெனப் பிடிப்பு வரும். தூக்கம் குறைந்த கண் வளைவுச் சாலையில் சொக்கும். நடக்காத ஒருவர் வாகனத்தோடு வந்து அழைத்துச் செல்வதே சிறந்தது. இயலாவிட்டால் விதுரையிலோ நெடுமங்காட்டிலோ ஓரிரவு தங்குங்கள். பேருந்தில் வருபவர்கள், போனக்காட்டுக்கு ஒரு நாளில் சில பேருந்துகளே உண்டு என்பதால், திரும்பும் நேரத்தை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இரண்டு மூன்று நாள் படி இறங்குவது வேதனையாக இருக்கும். அது இயல்பு, மெல்ல நடந்தால் தீரும். தைலம் இதமாகத் தேய்க்கலாம். வர்ம ஆசானிடம் போய் அழுத்தித் தடவச் சொல்வதை வலி அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், அது சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால் உடம்பெங்கும், முக்கியமாக அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும், வலியில்லாத கறுத்த பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அது அடையாளம். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டுக்குள் மூன்று நாள் இருந்து வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். சரியான மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் அந்தக் காய்ச்சல் விரைவில் கட்டுப்படும்.